தீயையும் ஓர் ஆளாக எண்ணியவள்

எந்த வீட்டு வாசலில் வந்து நின்றாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "உள்ள எத்தனை பேரு இருக்கீக?" என்பதுதான். மூன்று பேர் என்று சொன்னால் எட்டிப் பார்ப்பாள். அடுப்பு எரிந்தால், "அப்ப நாலு பேரு" என்பாள். அரிக்கேன் விளக்கும் எரிந்தால் அதையும் சேர்த்து, "நாலரை" என்பாள். பிறகு வெளியில் நின்றபடியே கையை நீட்டி ஜன்னல் பலகையைத் தள்ளித் திறந்துவிட்டுப் போய்விடுவாள். உள்ளே இருப்பவர்கள் திட்டிக்கொண்டே எழுந்து வந்து அதை மூடுவார்கள். உடும்பஞ்சோலைப் பக்கத்து மழையும் மூடுபனியும் தெரிந்தவர்களுக்கு அவர்கள் ஏன் திட்டினார்கள் என்று சொல்லவேண்டியதில்லை.

நான் அந்த ஏலத்தோட்டத்துக்குக் கம்பவுண்டராகப் போனபோது எனக்கு இருபத்தாறு வயது. மலை அப்போது திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. போடியில் ஒரு டாக்டரிடம் மூன்று வருஷம் மருந்து கலக்கிப் பழகியதைத் தவிர எனக்கு வேறு யோக்கியதை கிடையாது. ஆனால் அந்த மலையில் வெள்ளைச் சட்டை போட்டவன் எல்லாரும் டாக்டர்தான். தலைக்கனம் ஏறுவதற்குக் கேட்கவா வேண்டும்?

முதல் வாரமே அவள் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். முன்கையில் தீப்புண்ணோடு வந்திருந்தாள். வெளியே மழை கொட்டுகிறது. நான் கதவு ஜன்னலெல்லாம் சாத்திவிட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் ஊசியைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தேன்.

"உள்ள எத்தனை பேருய்யா?" என்றாள்.

"கண்ணு தெரியலையா? நானும் நீயும்."

"ஸ்டவ்வோட மூணு" என்று சொல்லி, நான் தடுப்பதற்குள் ஜன்னலைத் திறந்துவிட்டாள். காலையிலிருந்து உட்கார்ந்து மடித்த கொய்னா பொட்டலங்கள் அத்தனையும் பறந்து தரையில் விழுந்தன. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவள் குனிந்து பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேசையில் வைத்தாள்.

"மருந்து பறந்தா மறுபடி மடிச்சுக்கிடலாம்யா" என்றாள். என்னைவிட இருபது வயதாவது மூத்தவள். அவளை நான் நீ, வா, போ என்றுதான் பேசினேன். கடைசிவரைக்கும் அப்படியேதான் பேசினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவள் பெயர் என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். தோட்டத்துப் பேர்ப் பதிவில் 'இன்னார் சம்சாரம்' என்று புருஷன் பெயரை வைத்துத்தான் எழுதியிருந்தது. அந்தப் புருஷன் விறகுக்கு மரம் வெட்டும்போது கிளை விழுந்து செத்து ஆறேழு வருஷம் ஆன பிறகும் அப்படியே இருந்தது. லயத்தில், அதாவது கூலியாட்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், அவளை 'ஜன்னல்காரி' என்று கேலியாகச் சொல்வார்கள். எதிரில் பார்த்தால் 'மதினி' என்பார்கள். புருஷன் பார்த்த வேலையைத்தான் அவளும் பார்த்தாள். ஏலக்காய் ஸ்டோருக்குத் தீப் போடுகிற வேலை.

ஸ்டோர் என்றால் பச்சைக் காயை உலர்த்துகிற கட்டிடம். வெளிச்சுவரில் அடுப்பு வாய் இருக்கும். அதில் போடுகிற தீயின் சூடு பெரிய தகரக் குழாய் வழியாக அறையைச் சுற்றி வந்து, கடைசியில் கூரைக்கு மேலே புகையாகப் போய்விடும். குழாய்க்கு மேலே தட்டுத் தட்டாகக் காய் பரப்பியிருக்கும். சூடு கூடினால் காய் வெடிக்கும். குறைந்தால் பச்சை நிறம் போய்விடும். புகை பட்டால் பழுத்துக் கறுத்து நாறும். ஒன்றரை நாள் ஒரே சீராக எரியவேண்டும். காய் எடுக்கிற காலமோ மழைக்காலம். காட்டு விறகு பிழிந்தால் தண்ணீர் சொட்டும். அதை வைத்துக்கொண்டு அவள் அந்தத் தீயைக் கட்டி மேய்த்தாள்.

சும்மா இருக்கும்போது நான் அங்கே போய்க் குளிர்காய்வேன். அவள் பேசிக்கொண்டே இருப்பாள். என்னிடம் பேசுகிறாளா, அடுப்பிடம் பேசுகிறாளா என்று தெரியாது.

"தண்ணி குடிச்ச வெறகு மொதல்ல அந்தத் தண்ணியத்தான் காச்சும். அது தீந்த பெறகுதான் நமக்குக் காச்சும்" என்பாள். அதனால் நாளைக்கு வேண்டிய விறகை இன்றைக்கே அடுப்பின் மேல்மேடையில் அடுக்கிக் காயவைப்பாள். விறகை நெருக்கி அடுக்கியவனைத் திட்டித் தீர்த்துவிடுவாள். "ஒண்ணோட ஒண்ணு ஒட்டுனா எரியாது, ஒத்தையா கெடந்தாலும் எரியாது. மாமியா மருமக மாதிரி. ஒரே வீட்ல இருக்கணும், ஒரு கை எடமும் விட்டிருக்கணும்." சாம்பல் அள்ளாமல் கிடந்தால், "தீக்கு மூக்கடைப்பு" என்பாள்.

ஒரு தடவை அடுப்பு வாயைக் காட்டினாள். கங்குமேல் நீலமாக மெல்லிய சுடர் ஓடிக்கொண்டிருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. "இது பசிச்ச தீய்யா" என்றாள். "காத்துப் பத்தலை. பத்தாதப்ப அது பாதி தின்னு பாதியத் துப்பும். அந்தத் துப்புனது இருக்கு பாருங்க, அது பொல்லாதது." நான் சிரித்தேன். எனக்கும் இதெல்லாம் தெரியும் என்று காட்டிக்கொள்ள, எரிகிற மெழுகுவர்த்தியைக் கண்ணாடி டம்ளரால் மூடினால் அணைந்துவிடும், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் செய்து காட்டியிருக்கிறார் என்றேன்.

"டம்ளருக்குள்ள ஒரு ஈயப் போட்டு மூடுனாரா ஒங்க வாத்தியாரு?" என்று கேட்டாள்.

புதிதாக வந்த கணக்கப்பிள்ளைக்கு அவளைக் கண்டாலே ஆகாது. விறகு கண்டபடி செலவாகிறது என்று, கூரைக்கு மேலே புகை போகிற வாயைத் தகடு போட்டுப் பாதிக்குமேல் அடைக்கச் சொன்னார். அடுப்பு வாய்க்கும் கதவு சாத்தச் சொன்னார். தீ உள்ளேயே கிடந்து நிதானமாக எரியுமாம். அவள் சொல்லிப் பார்த்தாள், கேட்கவில்லை. அன்று தீ எரியவும் இல்லை, அணையவும் இல்லை, புழுங்கிக்கொண்டு கிடந்தது. புகை திரும்பி வந்து குழாய் மூட்டு வழியாகக் கசிந்து, ஒரு அறைக் காய் முழுக்க நாசமாகிவிட்டது. கணக்கப்பிள்ளை பத்துப் பேர் முன்னால் அவள்மேல் பாய்ந்தார்.

அவள் பதறவில்லை. "வாயையும் மூக்கையும் பொத்திக்கிட்டு நீங்க ஒரு நாழி வேல பாருங்கய்யா. முடிஞ்சா அதுவும் பாக்கும்" என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்காக அவளை ஒரு வாரம் நிறுத்திவைத்தார். அந்த ஒரு வாரம் அடுப்பு யாருக்கும் அடங்கவில்லை. எட்டாம் நாள் அவரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

அவள் சொல்வதில் விஷயம் இருக்கிறது என்று நான் அறிந்துகொள்ள இன்னொரு சந்தர்ப்பமும் கிடைத்தது. கங்காணி தன் அடைக்கோழியை மழைக்குப் பயந்து ஸ்டோர் அறையில், குழாய் ஓரமாக ஒரு கூடையில் வைத்திருந்தார். காலையில் போய்ப் பார்த்தால் கோழி முட்டைமேல் உட்கார்ந்தபடியே செத்திருந்தது. அலகு மார்பில் புதைந்து, தூங்குவதுபோல இருந்தது. பாம்பு தீண்டியிருக்கும் என்றார் கங்காணி. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். நானும் பெரிய வைத்தியன்போல அதைப் புரட்டிப் பார்த்தேன். கொண்டை கறுக்கவில்லை, உயிரோடு இருக்கும்போது இருந்ததைவிடச் சிவப்பாக இருந்தது. பல் பட்ட காயமும் இல்லை.

அவள் குழாய் நெடுகக் கையால் தடவிக்கொண்டே போனாள். கூடைக்கு நேர் மேலே மூட்டு விரிந்திருந்தது. "ராத்திரி கங்காக் கெடந்திருக்கு. எவனோ மேல புகை போற தகட்டையும் சாத்திட்டான். துப்புனதெல்லாம் இது வழியா வந்திருக்கு."

"புகையே வரலையே. கூரையெல்லாம் வெள்ளையா இருக்கு" என்றார் கங்காணி.

"புகை வந்திருந்தா கோழி எந்திரிச்சுப் போயிருக்குமே. புகை கண்ணக் கரிக்கும், நெஞ்ச அடைக்கும், ஓடு ஓடுன்னு வெரட்டும். அது நல்லது. புகை வராத தீதான் ஆளைத் தூங்கவைக்கும்."

சொல்லிவிட்டுக் கோழியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். ஒரு கோழிக்கு இத்தனை அழுகையா என்று நான் கேலி செய்தேன். மண்ணும் சாணியும் உப்பும் சேர்த்துப் பிசைந்து அன்றே அந்தக் குழாய் மூட்டை அடைத்துவிட்டாள். நான் எல்லாவற்றையும் இரண்டு கண்ணால் பார்த்தேன். பார்த்து என்ன? படித்தவனுக்குப் படியாதவள் சொல் ஏறுமா?

மூடிக் கிடந்த எதையும் அவள் விடமாட்டாள்தான். ஒன்றுக்கு மட்டும் அடங்கிப்போவாள். விதவை என்பதால் எந்த நல்ல காரியத்திலும் யாரும் சொல்லாமலே தூர நின்றுகொள்வாள். கல்யாணம், சீமந்தம், பிள்ளை பெற்ற வீடு எதுவானாலும் வாசற்படிக்கு வெளியேதான் நிற்பாள். கணக்கப்பிள்ளையையே எதிர்த்துப் பேசியவளுக்கு இந்த விஷயத்தில் மட்டும் வாய் கிடையாது. "அது அப்பிடித்தான். நமக்குன்னு ஒரு எடம் இருக்கில்ல" என்பாள்.

என் மனைவிக்கு அவளைப் பிடிக்கும். நான் கல்யாணம் செய்து மலைக்குக் கூட்டி வந்தபோது இவளுக்குப் பத்தொன்பது வயது. குளிர் தாங்காமல் ஸ்டோர் அடுப்பருகே போய் உட்கார்ந்துகொள்வாள். அவளைப் 'பெரியம்மா' என்று கூப்பிடுவாள். பிள்ளை உண்டான பிறகு பெரியம்மா சாம்பலில் மரவள்ளிக்கிழங்கு சுட்டுத் தோலுரித்துக் கொடுப்பாள். "நீ ஒருத்தியா, ரெண்டு பேரா? ரெண்டு பேரு. தீயோட மூணு. தள்ளி ஒக்காரு" என்று இவளிடமும் கணக்குச் சொல்வாள். இரண்டு பேரும் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

தலைப்பிரசவத்துக்குப் போடிக்கு அனுப்பியிருக்கவேண்டும். அந்த வருஷம் ஆவணியில் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோயிற்று. அதனால் என் மாமியார் கால்நடையாகவே மலையேறி வந்துவிட்டார். நல்ல மனுஷி. எட்டுப் பிரசவம் பார்த்த கை. பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை. மாமியாருக்குக் குளிர் ஒன்றுதான் பயம். கீழ்நாட்டில் இப்படிக் குளிரை அவர் கண்டதில்லை.

"பச்ச ஒடம்பு மாப்பிள்ளை. காத்துப் பட்டா ஜன்னி கண்டுரும். ஒரு ஈ நொழையப்படாது" என்றார்.

நானும் அதையே நினைத்தேன். எங்கள் வீடு மண்சுவரும் தகரக் கூரையுமான ஒற்றை அறை. முன்பக்கம் நான் படுக்க ஒரு சார்ப்பு. நானே ஏணி வைத்து ஏறி, கூரைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்திலெல்லாம் சாக்குத் துண்டுகளைத் திணித்தேன். ஜன்னலுக்கு ஆணி அடித்தேன். கதவுக்கு உள்பக்கம் கம்பளி தொங்கவிட்டார் மாமியார். கட்டிலுக்குப் பக்கத்தில் தணல் வைக்கவேண்டும். விறகு அடுப்பென்றால் புகை குழந்தையின் கண்ணுக்கு ஆகாது. புகையில்லாத நல்ல கங்கு ஸ்டோரில்தான் கிடைக்கும்.

இரும்புச் சட்டியை எடுத்துக்கொண்டு நானே போனேன். எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். குழந்தை பிறந்த சந்தோஷத்தில் அவள் முகம் மலர்ந்திருந்தது. ஆனாலும் அள்ளுகரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"சன்னலு தொறந்து கெடக்குமாய்யா?"

"கெடக்கும்" என்றேன்.

"சத்தியமா?"

"பிள்ளை விஷயத்துல பொய் சொல்லுவேனா? போடும்மா, நேரமாச்சு."

சட்டி நிறைய அள்ளிப் போட்டாள். அன்று மாலையே வந்து எங்கள் முற்றத்தில் நின்றாள். ஆணி அடித்த ஜன்னலைப் பார்த்தாள். சந்தில் துருத்திக்கொண்டிருந்த சாக்கைப் பார்த்தாள்.

"உள்ள எத்தனை பேருய்யா?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் வெளியே வந்தார். "யாரு மாப்பிள்ளை இது? பச்சப்புள்ள இருக்கிற வீட்டு வாசல்ல வெறும் நெத்தியோட வந்து நிக்கிறா. நாலும் தெரிஞ்ச வயசுதான?"

அவள் இரண்டடி பின்னால் போனாள். எனக்கு இரண்டு பேர்மேலும் கோபம் வந்தது. பொய் அகப்பட்டுக்கொண்ட கோபம் அதற்கும் மேலே இருந்தது. மாமியாரிடம் காட்ட முடியுமா? இளைத்தவளிடம் காட்டினேன்.

"இந்தா பாரு. நான் கூப்பிடாம இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

"மிதிக்கலைய்யா. மிதிக்கவே இல்ல. அந்தச் சன்னலை மட்டும்…"

"போன்னு சொன்னேன்."

போய்விட்டாள். மறுநாளிலிருந்து அவள் தணல் தர மறுத்தாள். நான் கணக்கப்பிள்ளையிடம் சொல்லி, வேறு ஆளை வைத்து அள்ளிக்கொண்டேன். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம். பெரியம்மா ஏன் வரவில்லை என்று என் மனைவி உள்ளேயிருந்து கேட்டாள். ஸ்டோரில் வேலை அதிகம் என்று சொன்னேன்.

நாலாம் நாள் என் மனைவி தலையைப் பிளக்கிறது என்றாள். சாப்பிட்டதை வாந்தி எடுத்தாள். வெளியே பின்பக்கம் போய்வந்தால் தேவலையாக இருக்கிறது, உள்ளே வந்து படுத்தால் மறுபடி வலிக்கிறது என்று அவளே சொன்னாள். இதைவிடத் தெளிவாக ஒரு நோயாளி சொல்ல முடியுமா? கேட்டுக்கொண்டு நின்ற மடையன் நான், "குளிர் தாக்கிருச்சு. வெளிய போகாதே" என்றேன். மாமியாரிடம், "தணலைக் கொஞ்சம் கூட்டி வையுங்க அத்தை" என்றேன். தலைவலிக்கு என் கையாலேயே மருந்து கலந்து கொடுத்தேன். மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பிறகு.

ஒன்பதாம் நாள் மத்தியானம் மூன்று மணி இருக்கும். தகரத்தில் மழை இடித்துக்கொண்டிருந்தது. மாமியார் துணி அலச ஓடைக்குப் போயிருந்தார். தாயும் பிள்ளையும் தூங்குகிறார்கள் என்று கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார். நான் மேட்டில், டிஸ்பென்சரியில் இருந்தேன்.

ஸ்டோர் எங்கள் வீட்டுக்குச் சற்றுக் கீழே. தீப் போட்டுக்கொண்டே எங்கள் குழந்தை அழுவதை அவள் கேட்டுக்கொண்டிருப்பாளாம். எப்போது பசிக்கும், எப்போது அழும் என்று அவளுக்கு மனப்பாடம். அன்று அழுகிற நேரம் வந்து போயிற்று. அழவில்லை. மேலேறி வந்து முற்றத்து ஓரத்தில் நின்று கூப்பிட்டிருக்கிறாள். பதில் இல்லை. வாசல் வரைக்கும் வந்து, கதவில் கையை வைத்திருக்கிறாள். தாழ்ப்பாள் கிடையாது, தள்ளினால் திறந்துவிடும். நான் சொன்னது ஞாபகம் வந்து கையை எடுத்துக்கொண்டாளாம். பின்பக்கம் ஓடி, கையிலிருந்த சாம்பல் வாரியால் சந்துச் சாக்குகளில் இரண்டைக் குத்தி இழுத்துப் போட்டிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் என்னைத் தேடி மேட்டில் ஏறி ஓடி வந்தாள்.

டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்றவள் முதலில் என்ன சொன்னாள் தெரியுமா?

"நீங்க கூப்பிடலை, வந்திட்டேன்யா. கோவிச்சுக்கிடாதீக. புள்ள அழுவலை."

"தூங்கும்" என்றேன்.

அவள் மழையில் நனைந்து, மூச்சு வாங்க, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு பயத்தை நான் ஒரு முகத்தில் பார்த்ததில்லை. எழுந்து ஓடினேன். சரிவில் இரண்டு தடவை விழுந்தேன். அவள் என்னை முந்திக்கொண்டு போனாள். போனவள் வாசற்படிக்கு வெளியே நின்றுவிட்டாள்.

உள்ளே புகை இல்லை, நாற்றம் இல்லை. சட்டியில் கங்கு மங்கலாகச் சிவந்து கிடந்தது. அதன்மேல் நீலமாக ஒரு சுடர் ஓடியது. என் மனைவி கட்டிலில், வெளியே நிற்கிறவள் சாக்கை இழுத்திருந்த சுவரோரம் கிடந்தாள். குழந்தை கதகதப்புக்காகத் தணலுக்குப் பக்கத்தில் தொட்டிலில் கிடந்தது. மனைவியை அக்குளில் கைகொடுத்து இழுத்துக்கொண்டுபோய் முற்றத்து மழையில் போட்டேன். ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கினேன். படிக்கு வெளியே அவள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

"இப்பிடிக் குடுங்கய்யா. நீங்க தாயப் பாருங்க."

கொடுத்தேன். குழந்தையின் கன்னம் ரோஜா நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை, பிழைத்துக்கொண்டது என்று நினைத்தேன். ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அம்மோனியாக் குப்பியை மனைவியின் மூக்கருகே பிடித்தேன். முனகினாள், வாந்தி எடுத்தாள், கண்ணைத் திறந்தாள். திரும்பிப் பார்த்தேன். அவள் கூரை இறவாரத்தடியில் நின்று குழந்தையின் முகத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். உள்ளங்காலைத் தேய்த்தாள். வாயில் வாய் வைத்து மெல்ல ஊதினாள். நான் வாங்கி ஊதினேன். மறுபடி அவள் ஊதினாள். இரண்டு பேருக்கும் அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. என் அலமாரியில் நாற்பது புட்டி மருந்து இருந்தது. ஒன்றும் அந்தப் பிஞ்சுக்கு ஆகாது. சிவந்த கன்னத்தோடேயே அது குளிர்ந்துபோயிற்று.

பல வருஷம் கழித்து ஒரு டாக்டர், அரைகுறையாக எரிகிற கரி விடுகிற வாயு ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் அந்தச் சிவப்பு என்று எனக்கு விளக்கினார். கார்பன் மோனாக்சைடு என்று பெயர் சொன்னார். பெயர்தான் எனக்குப் புதிது. மற்றதெல்லாம் எனக்கு அன்றைக்கே, அந்த முற்றத்திலேயே தெரிந்துபோயிற்று.

மாமியாருக்குத் தெரியவில்லை. முண்டச்சி கண் பட்டுவிட்டது, ஒன்பது நாளாக முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதார். லயத்தில் பாதிப் பேர் அதை நம்பினார்கள். அவள் தண்ணீருக்கு வந்தால் பெண்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெள்ளைச் சட்டைக்காரன் சொன்னால் கேட்கிற ஊர் அது. சொன்னால், கூரைச் சந்தை அடைத்தது யார், தணலைக் கூட்டச் சொன்னது யார் என்று என் மனைவி எண்ணிப் பார்த்துவிடுவாள். சொல்லவில்லை. அடுத்த வருஷம் காய்க்காலம் முடிந்ததும் அவள் மலை இறங்கிக் கம்பத்துப் பக்கம் யாரோ உறவுக்காரர்களிடம் போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

போவதற்கு முன்னால், குழந்தை போன பதினைந்தாம் நாளோ என்னவோ, ஒரு காலையில் டிஸ்பென்சரிக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. எத்தனை பேர் என்று கேட்கவும் இல்லை. வாசலில் நின்று முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தாள். நான் புட்டியில் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்யா. சொல்லாட்டி எனக்குச் சோறு எறங்காது" என்றாள்.

"சொல்லு."

"அன்னிக்குக் கதவுல கைய வெச்சேன்யா. வெச்சிட்டு எடுத்திட்டேன். அப்பவே தள்ளியிருந்தா புள்ள பொழைச்சிருக்கும். நீங்க ஏதோ கோவத்துல சொன்னது. கோவத்துல சொன்னதைப் போயிப் பெருசா எடுத்துக்கிட்டு நின்னேன் பாருங்க, அது எம்புத்திக் கொறச்சல். தெரிஞ்ச நானே கொன்னுட்டேன்."

நான்தான் கொன்றேன், நீ இல்லை. இதைச் சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்? புட்டிக்கு மூடி போட்டேன். சீட்டு ஒட்டினேன். அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

"நடந்தது நடந்துபோச்சு. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கிடலை. நீ போ" என்றேன்.

அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி என்னைக் கும்பிட்டாள்.

"ஒங்களுக்குப் பெரிய மனசுய்யா" என்றாள்.

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.